சிடுமூஞ்சி டாக்டரின் மரியாதை

அந்தத் தெருவில் டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

"டேய் எருமை, நாலு நாளா காய்ச்சலை அடைகாத்துட்டு இப்ப வந்து நிக்கிறியே, குஞ்சு பொரிக்கும்னு பார்த்தியா?" என்று உள்ளே குரல் இடிக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எருமையின் மனைவி, "அப்பாடா, ஒண்ணும் இல்லையாம்" என்று பெருமூச்சு விடுவாள். பக்கத்தில் இருப்பவளும், "எருமைன்னே சொல்லிட்டாரா, அப்புறம் என்ன கவலை?" என்று முதுகைத் தட்டிக் கொடுப்பாள்.

மற்ற இடங்களில் ஜனங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து வியாதியைத் தெரிந்துகொள்வார்கள். இங்கே டாக்டரின் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். எருமை, தடிமாடு, மடச்சாம்பிராணி என்று பட்டங்கள் வரிசையாக வந்தால் இரண்டு மாத்திரையில் சரியாகிவிடும். "என்னய்யா இது" என்று சுருதி இறங்கினால் ரத்தம் எடுக்க வேண்டும். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றால் வீட்டிலிருந்து பொறுப்பான ஆள் யாராவது கூட வர வேண்டிய சமாச்சாரம். "வாங்க, உட்காருங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டாரோ, ஆள் அவ்வளவுதான். வெளியூரில் இருக்கிற மகனுக்குத் தகவல் சொல்லிவிடலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கு தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியாது. அவர் தான் எல்லோரிடமும் ஒரே மாதிரி பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். சாகப் போகிறவரைப் பார்த்தால் தன் தொண்டை தானாகவே பஞ்சாகிவிடுகிறது என்பதை அவர் கவனித்ததே இல்லை.

கவனித்தவள் ஊசி அக்கா. அந்தக் கிளினிக்கில் ஊசி போடுவது, கட்டுப் போடுவது, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது, டாக்டரோடு சண்டை போடுவது எல்லாமே அவள்தான். கிளினிக் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் பழைய இரும்புக் கடையாக இருந்த இடம். இன்னும் அதே ஷட்டர்தான். காலையில் அதை அவள் ஏற்றுகிற சத்தத்தில் தெருவே எழுந்து உட்காரும். உள்ளே ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு கட்டில். அப்புறம் யார் ஏறினாலும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடை மெஷின். அந்த இரண்டு கிலோவுக்கும் சேர்த்துத்தான் டாக்டர் திட்டுவார்.

படித்து முடித்த கையோடு, ஒரு வருஷம் இருந்து பார்க்கிறேன் என்று வந்தவர் அவர். கூடப் படித்தவர்கள் ஏ.சி. அறைகளில் உட்கார்ந்து தொப்பை வளர்த்தபோது, இவர் சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த இந்தத் தெருவில் உட்கார்ந்து தொண்டையை வளர்த்தார். வேறு எந்த டாக்டரும் இங்கே போர்டு மாட்ட வரவில்லை. தலை நரைத்தது, பல் ஆடியது, அவர் பிரசவம் பார்த்த பிள்ளைகளுக்கு அவரே பிரசவம் பார்த்தார். அந்த ஒரு வருஷம் மட்டும் முடியவே இல்லை.

ஊசி அக்காவுக்கு இந்தக் கணக்கு வேறு விதமாகவும் தெரியும். அவள் புருஷன் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் வயிறு சரியில்லை என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். டாக்டரிடம் திட்டு வாங்குவதென்றால் அவனுக்கு அப்படி ஒரு குஷி. டாக்டர் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் அமுக்கினார். "உட்காருங்க தம்பி. சாப்பாடெல்லாம் எப்படி இறங்குது?" என்றார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அவள் கையில் ஊசித் தட்டு கடகடவென்று ஆடியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன், சோதனை என்று அலைந்து கடைசியில் சொன்னதும் அதையேதான். அவன் போன பிறகும் அவள் அதே திரைக்குப் பக்கத்தில் நின்று அதே தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில், ஒரு சனிக்கிழமை டாக்டருக்கே நெஞ்சு வலித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டராக இருந்தவர் இவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் எல்லாப் படங்களையும் எடுத்துப் பார்த்துவிட்டு, சிகிச்சைக்குத் தேதி குறித்தார். கூட வந்திருந்த ஊசி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, அடுத்த மாசம் ரத்தக் குழாய் அடைப்பை எடுத்துடலாம். அதுவரைக்கும் இவரைக் கத்த விடாதீங்க. கோபமே கூடாது. மாடிப்படி கூடாது. ஒரு தடவை நல்லாக் கத்தினார்னா, நான் பார்க்க இவர் இருக்க மாட்டார்."

ஊசி அக்கா அவர் கொடுத்த அவசர மாத்திரையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். டாக்டரோ வேறு கவலையில் இருந்தார். "தெருவுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, தாயே. தெரிஞ்சா ஒருத்தனும் அவன் வியாதியைச் சொல்ல வர மாட்டான். என் கையைப் பிடிச்சு நாடி பார்க்கத்தான் வருவான்" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கோபப்படக் கூடாது என்று முடிவு எடுத்தவர் அதையாவது அரைகுறையாகச் செய்தாரா என்றால் இல்லை. எதையும் முழுசாகச் செய்கிற சனியன் பிடித்த குணம் அவருக்கு. திங்கட்கிழமை காலையில் சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து விட்டு, முதல் ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.

முதல் ஆள் தையல்காரர். வாயுத் தொந்தரவு.

"வாங்க, உட்காருங்க. எங்க வலிக்குதுன்னு நிதானமாச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

தையல்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். எங்கே வலிக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், பொதுச் சுவர் தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்த தம்பி வீட்டுக்குள் நேராகப் போய், "சுவரை நீயே வெச்சுக்கடா" என்று கட்டிக்கொண்டு அழுதார். தம்பியும் கூடவே அழுதான். அழுதுகொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சாட்சிகளையும் கூப்பிட்டுவைத்துக்கொண்டான்.

அடுத்து வந்தவள் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மருமகள். "கவலைப்படாதீங்கம்மா, நல்லா ஓய்வெடுங்க" என்று டாக்டர் சொன்னதும், போகிற உயிருக்கு இனிமேல் என்ன பயம் என்று வீட்டுக்குப் போய் மாமியாரைப் பிடித்து உட்கார வைத்து, கல்யாணமான நாளிலிருந்து மனதில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். மூன்றாம் நாள் சளி சரியாகிவிட்டது. மாமியார் சரியாகவில்லை. மருமகள் கிளினிக் வாசலில் வந்து, "அக்கா, நான் சாகலையே, இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?" என்று அழுதாள்.

டீக்கடைக்காரர் வந்தவனுக்கெல்லாம் டீயைச் சும்மா ஊற்றிக்கொடுக்க ஆரம்பித்தார். இஸ்திரி போடுகிறவர், பக்கத்து வீட்டு விதவையிடம் இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லி, செருப்படி வாங்காத குறையாகத் திரும்பி வந்தார். ஒரு வாரத்தில் தெருவே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் எல்லோரையும் மன்னித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே சகிக்கவில்லை.

ஊசி அக்கா வீடு வீடாகப் போய், "உங்களுக்கு ஒண்ணும் இல்லை, வெறும் சளிதான், வாயுதான்" என்று தலைகீழாக நின்று பார்த்தாள். "எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே" என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டார்கள். உண்மையைச் சொல்லலாம் என்றால் சத்தியம் தடுத்தது. டாக்டரிடமே போய், 'நீங்கள் மரியாதையாகப் பேசினால் ஊர் சாகிறது' என்று சொல்லலாம் என்றால், அந்த நிமிஷமே அவர் பழையபடி கத்த ஆரம்பித்துவிடுவார். பிறகு அந்த நெஞ்சுக்கு யார் பதில் சொல்வது? தெரு நாலு நாள் பைத்தியமாகத் திரிந்தால் திரியட்டும், ஆள் உயிரோடு இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் லிஃப்ட் வந்தார்.

தெருக்கோடியில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் லிஃப்ட் எப்போதோ செத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு குளிர்பதனப் பெட்டி, பீரோ, கேஸ் சிலிண்டர், மூட்டு வலிக்காரர்கள் என்று எல்லாவற்றையும் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனவர் ஒரு மூட்டைத் தொழிலாளி. அதனால் அவர் பெயரே லிஃப்ட் என்று ஆகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர். கிடங்கில் காலில் ஆணி ஏறியிருக்கிறது. வலி தெரியாததால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

ஊசி அக்கா துணியைப் பிரித்தபோது அவளுக்கே மூச்சு முட்டியது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

பழைய டாக்டராக இருந்தால் ஷட்டர் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். புது டாக்டர் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் மூட்டெல்லாம் வெளுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, பயப்படாதீங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நான் சீட்டு எழுதித் தரேன்."

"சரிங்க டாக்டர்" என்றார் லிஃப்ட். சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நேராக வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி கிளினிக்குக்கு ஓடி வந்தாள். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறார். டாக்டரே மரியாதையாப் பேசிட்டார், இனிமே என்னன்னு கேட்கறார். சாகப் போறவனுக்குக் கால் எதுக்கு, போகும்போது முழுசாப் போறேன், வெட்டிக் குறைக்காதீங்கன்னு சொல்றார். ஆம்புலன்ஸ்காரங்க ரெண்டு பேர் வந்து தூக்கப் பார்த்தாங்க. அவரைத் தூக்க முடியுமா?"

ஊசி அக்கா நாலு மாடியும் ஏறிப் போனாள். லிஃப்ட் இஸ்திரி போட்ட சட்டையில் நிம்மதியாகப் படுத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. கால் வீக்கம் கணுக்காலைத் தாண்டி மேலே வந்திருந்தது. அவளுக்கு இருந்த அனுபவத்தில் தெரிந்துவிட்டது, இன்று போனால் இரண்டு விரலோடு போகும், நாளைக்குப் போனால் கால், அதற்கு மேல் போனால் ஆள்.

"எழுந்திருடா கழுதை" என்று அவளே ஆரம்பித்தாள். "எருமை, தடிமாடு, அறிவிருக்கா உனக்கு?"

லிஃப்ட் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "நல்ல மனசுக்கா உனக்கு. எனக்காகத் திட்டிப் பார்க்கறே."

ஊசி அக்கா கீழே இறங்கி வந்து, தெருமுனையில் நின்று இதய டாக்டருக்குப் போன் செய்தாள். "சார், ஒரே ஒரு தடவை, சின்னதாத் திட்டினா பரவாயில்லையா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, அது அவர் உயிரோட விளையாடறது. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

உங்கள் இஷ்டமாம். சொல்வதற்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மேலே ஒருவர் சாக வேண்டிய தேவையே இல்லாமல் சாகப் போகிறார். கீழே ஒருவரிடம் போய்ச் சொன்னால் அவர் சாகலாம். லிஃப்ட்டைவிட டாக்டர்தான் அவளுக்கு வேண்டியவர், அதில் என்ன ஒளிவு மறைவு? சொல்லாமல் இருந்துவிடலாம் என்று கிளினிக் வாசல் வரைக்கும் நினைத்துக்கொண்டேதான் வந்தாள். ஆனால் உள்ளே டாக்டர் தலை நிமிர்ந்து, "லிஃப்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டானா?" என்று கேட்டபோது அவளுக்குப் பொய் வரவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். எருமை என்றால் என்ன, தடிமாடு என்றால் என்ன, உட்காருங்க என்றால் என்ன, எல்லாம்.

டாக்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "இத்தனை வருஷமாவா?" என்றார்.

"ஆமா."

"நான் மரியாதையாப் பேசினா சாவுன்னு அர்த்தமா?"

"ஒரு தடவைகூடத் தப்பினதில்லை, டாக்டர்."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் யாரிடமெல்லாம் அப்படிப் பேசினோம் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு பெயரிடம் வந்ததும் அவர் கண் அவள் பக்கம் திரும்பியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"மாடிப்படி ஏறக் கூடாது" என்றாள்.

"அவனை இறங்கி வரச் சொல்றியா?" என்றார்.

ஒவ்வொரு மாடியிலும் அவரை உட்கார வைத்து உட்கார வைத்துத்தான் கூட்டிப்போனாள். கதவிடுக்குகளில் முகங்கள் தெரிந்தன. டாக்டரே படியேறி வருகிறார் என்றால் லிஃப்ட்டுக்குக் கடைசி மூச்சு என்று எல்லோரும் முடிவே பண்ணிவிட்டார்கள். தையல்காரர் முன்னேற்பாடாக அழுதுகொண்டே பின்னால் வந்தார்.

டாக்டர் லிஃப்ட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

"டேய் தடிமாடு. எழுந்திருடா. இஸ்திரி போட்ட சட்டையோட படுத்திருக்கே, உன்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா? ரெண்டு விரல் போகும். போகட்டுமே. பத்துல ரெண்டு போனா எட்டு இருக்குடா மடச்சாம்பிராணி, எட்டு விரலை வெச்சுக்கிட்டு நீ என்ன வீணையா வாசிக்கப் போறே? சர்க்கரை மாத்திரை கொடுத்தேனே, அதை முழுங்கினியா இல்லை அரைச்சுச் சுவத்துக்கு வெள்ளையடிச்சியா? ஆணி ஏறினது தெரியலையாம். உன் மண்டையில ஏறியிருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காது, உள்ளே ஏதாவது இருந்தால்ல தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் இந்தக் கட்டில்ல உன்னைப் பார்த்தேன்னா, அந்த ரெண்டு விரலையும் நானே கடிச்சுத் துப்பிடுவேன்."

லிஃப்ட்டின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"டாக்டர், அப்ப நான் சாகலையா?"

"நீயாவது சாகறதாவது. எமன் வந்தாலும் உன்னைத் தூக்க ஆள் கிடைக்காம திரும்பிப் போயிடுவான். நட ஆஸ்பத்திரிக்கு. இல்லை இல்லை, நடக்காதே, காலைக் கீழ வெச்சே, கொன்னுடுவேன்."

வராந்தாவில் நின்றிருந்தவர்கள் கல்யாண வீட்டில் தாலி கட்டி முடித்ததைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் திரும்பினார். "நீ என்னடா முழிக்கிறே, வாயு மண்டி" என்று தையல்காரர் பக்கம் ஒரு திட்டு போனது. தையல்காரருக்கு அப்படியே உயிர் திரும்பி வந்தது. அந்த வேகத்தில் பக்கத்தில் நின்ற தம்பியின் சட்டையைப் பிடித்து, "சுவரைத் திருப்பிக் கொடுடா" என்றார்.

ஊசி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டாக்டரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் படி இறங்குவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தான் செய்ததுதான் இது என்று நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. தைரியம் வர ஒரு கணம் ஆயிற்று. பையிலிருந்த மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, தெருமுனையில் நின்ற டெம்போவை எடுத்து வரச் சொல்லி ஒருவனை ஓட விட்டாள்.

அதற்குள் படிக்கட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிடுமூஞ்சி டாக்டரை அந்தக் கோலத்தில் பார்த்ததும் எல்லோருடைய குரலும் உடைந்துபோனது.

"ஐயா, பயப்படாதீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"மெதுவா சாஞ்சு உட்காருங்க டாக்டர். நாங்கெல்லாம் இருக்கோம்."

"உங்களை மாதிரி ஒரு தெய்வம் எங்களுக்குக் கிடைக்குமாய்யா?"

டாக்டர் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தெரியாத கணக்கு இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் ஊர் முழுக்க அவருக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் வடிந்துபோனதை ஊசி அக்கா பார்த்தாள். பயந்துவிட்டார். எத்தனையோ சாவைப் பார்த்த மனுஷன், சின்னக் குழந்தை மாதிரி பயந்துவிட்டார்.

"யோவ் கிழவா" என்றாள்.

படிக்கட்டே திரும்பிப் பார்த்தது. அவள் ஒரு நாளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"யோவ், உன்னைத்தான். மாடி ஏறாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கு? வயசுக்கேத்த புத்தி இருக்கா உனக்கு? பெரிய படிப்புப் படிச்சு என்னத்தைக் கிழிச்சே? இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டுக் கத்தறியே, எருமை."

தையல்காரர் அதிர்ச்சியில் அவள் வாயைப் பொத்தப் போனார். லிஃப்ட்டின் மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது. "ஆமாய்யா, சரியான தடிமாடு" என்று அவளும் ஆரம்பித்தாள், குரல் நடுங்க. "எங்களை மட்டும் அந்தத் திட்டு திட்டினியே, உன் உடம்பைப் பார்த்துக்கத் தெரிஞ்சுதா?"

அப்புறம் கேட்கவா வேண்டும்? வருஷக்கணக்காக வாங்கினதையெல்லாம் தெரு அவருக்கே திருப்பிக் கொடுத்தது. மடச்சாம்பிராணி என்றார்கள், தண்டம் என்றார்கள், மண்டையில் களிமண் என்றார்கள். மூக்கு ஒழுகிய மருமகளும் அவளுடைய மாமியாரும் முதல்முறையாக ஒரே கட்சியில் நின்று திட்டினார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஒன்றில் டாக்டர், இன்னொன்றில் ஆறு பேர் தூக்க லிஃப்ட். இரண்டு நாற்காலிகளும் முன்னும் பின்னுமாகப் படியிறங்கின. "அவரை ஆட்டாம தூக்குங்கடா சோம்பேறிகளா" என்று பின்னாலிருந்து லிஃப்ட் தொழில் தெரிந்தவராக அதட்டிக்கொண்டே வந்தார். டாக்டரின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

படிக்கிறவர்கள் பதற வேண்டாம், டாக்டர் பிழைத்துக்கொண்டார். லிஃப்ட்டும் எட்டு விரலோடு பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த டெம்போவில் போனவர்களுக்கு அது தெரியாது. ஊசி அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

டெம்போவின் பின்பக்கத்தில் டாக்டர் படுத்திருந்தார். அவர் தலைக்குக் கீழே அவள் தன் கைப்பையை வைத்திருந்தாள். எதிரே லிஃப்ட் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். வண்டி பாலத்தில் ஏறும்போது திட்டுவதற்கு ஆட்களும் இல்லை, சொற்களும் தீர்ந்துபோயின. அவள் சும்மா அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "நிறுத்தாதே. இன்னும் கொஞ்சம் திட்டு."

அவள் திட்டினாள். ஷட்டருக்கு எண்ணெய் போடாததற்குத் திட்டினாள். எடை மெஷினை மாற்றாததற்குத் திட்டினாள். ஒரு நாளும் நேரத்துக்குச் சாப்பிடாததற்கும், கல்யாணம் கட்டாமல் இருந்ததற்கும், ஒரு வருஷம் என்று வந்துவிட்டு ஊரையே கட்டிக்கொண்டு அழுததற்கும் திட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தவள், அதற்கும் அடியில் கிடந்ததையும் எடுத்துவிட்டாள்.

"என் புருஷனை மட்டும் ஏன்யா திட்டலை? எவ்வளவு ஆசையா வந்தான். ஒரு எருமை சொல்லியிருக்கக் கூடாதா? பொய்யாவாவது சொல்லியிருந்தா, ஒரு வாரம் சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பானே. படுபாவி, உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

லிஃப்ட் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டார்.

டாக்டர் கண்ணைத் திறந்தார். "வாய் வரலை தாயே" என்றார். "ரொம்ப முயற்சி பண்ணினேன். வரலை."

ஊசி அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திட்டு நின்றுபோயிருந்தது. அவர் கை அவள் கையைத் தேடி, சட்டையைப் பிடித்து இழுப்பது போலப் பலவீனமாக இழுத்தது. பயம் இன்னும் போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"பேசாம படுய்யா, தண்டமே" என்றாள். குரல் ஒழுங்காக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர்காரர்கள் வந்து அவரை வாங்கிக்கொள்ளும்வரை அவள் நிறுத்தவில்லை.